ஏரிக்குப் பூட்டுக் கேட்டு ஒரு மனு

அக்டோபர் 18, வெள்ளி

மையத்தில் இன்று பத்தொன்பது பிள்ளைகள். எடை போட்டதில் சுகந்தி மகன் முந்நூறு கிராம் குறைந்திருக்கிறான். அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். சத்துமாவு மூட்டையில் எலி ஓட்டை போட்டிருக்கிறது. ஆயா லீவு என்பதால் சமையலும் நானே.

சாயங்காலம் நூலகக் கட்டடத்தில் ஊர்க்கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் இளவழகன் தலையணை தடிமனில் ஒரு அறிக்கையோடு வந்தான். தலைவர்தான், ஆனாலும் என் அங்கன்வாடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவன், அவனுக்கு 'ர்' போட எனக்கு வரவில்லை. ஒரு சிமெண்டு கம்பெனி சுண்ணாம்புக்கல் வெட்ட நானூறு ஏக்கர் கேட்கிறது. அதில் எங்கள் பெரிய ஏரியும் சேர்த்தி. ஏரிக்கு அடியில்தான் நல்ல கல் இருக்கிறதாம். டிசம்பர் 27 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம்.

எல்லாரும் கொதித்தார்கள். இளவழகன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்ததும் சத்தம் அடங்கிவிட்டது. "இந்நீர்நிலைக்கு வலசைப் பறவைகள் வருவதில்லை. இதனைக் கிராம மக்களே எழுத்து மூலம் உறுதி செய்துள்ளனர்." பின்னால் ஊர்மக்கள் கொடுத்த கடிதத்தின் நகல். பதினாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. நூற்று எண்பத்தேழு கையெழுத்து.

நகல் கை மாறிக் கை மாறி என்னிடமும் வந்தது. நான் படிக்காமலே அடுத்தவரிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். வீட்டுக்காரர் வயலுக்கு யூரியா போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது இந்த நோட்டைப் பார்த்தால் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைக்கக் கூடாது. எட்டு மைல் தள்ளி ஒரு ஏரியைச் சரணாலயம் ஆக்கினார்கள். பலகை வைத்தார்கள், கம்பி வேலி போட்டார்கள். அதன்பிறகு அந்த ஊர்க்காரன் ஏரிக்குள் ஆடு விட்டால் அபராதம், விறகு ஒடித்தால் கேஸ், வலை போட்டால் கேஸ், வண்டல் அள்ள மனு மேல் மனு. அடுத்தது எங்கள் ஏரிதான் என்று பேச்சு வந்தது. வனத்துறையிலிருந்து மூன்று நாள் கணக்கெடுக்க வரப்போவதாகத் தகவலும் வந்தது. ஏரிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று ஊருக்குப் பயம். பறவையே வருவதில்லை என்று எழுதிக் கொடுத்தோம். அவர்கள் வந்த மூன்று நாளும் ஏரியில் ஒரு பறவையும் இல்லை.

எப்படி இல்லாமல் போனது என்று கேட்டால், ஊர் சேர்ந்து பார்த்துக்கொண்டது. யார் எழுதினார்கள் என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

இளவழகனும் நானும் பவுனாம்பாளும் வனத்துறை ஆபீசுக்குப் போனோம். பவுனாம்பாள் என் பக்கத்து வீடு. நாற்பத்திரண்டு ஆடு, ஒரு நாக்கு. ஆட்டைக்கூட ஒருவிதமாகக் கட்டிவிடலாம். புருஷன் போன பிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் மூன்று பெண்களைக் கரையேற்றினாள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களின் நெற்றுதான் அவள் ஆடுகளுக்குச் சோறு.

வனவர் பெயர் எஸ்தர். முப்பது வயது இருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இளவழகன் ஏரியைப் பற்றி ஒரு மேடைப்பேச்சே பேசினான். அவள் கேட்டுவிட்டு, "அக்கா, டிசம்பர் ரெண்டாவது வாரம் நான் டீமோட வரேன். பறவை இருந்தா இருக்குன்னு எழுதுவேன். கூடு கட்டியிருந்தா இன்னும் பலம். இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

"அதெல்லாம் கூட்டம் கூட்டமா வரும் தாயி, நீ எண்ண முடியாம திண்டாடப் போற" என்றாள் பவுனாம்பாள்.

எஸ்தர் மேசைமேல் இருந்த பழைய கோப்பைப் புரட்டினாள். "இதுல வராதுன்னு போட்டிருக்கே?"

மூன்று பேரும் சுவரில் இருந்த புலிப் படத்தைப் பார்த்தோம்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஊரில் ஒரு வெடி இல்லை. ஏரியை மிரட்டக் கூடாது என்று தமுக்கு அடித்துச் சொல்லியாயிற்று. பிள்ளைகள் அழுதன. மத்தாப்பு மட்டும் கொளுத்தினோம். அதிரசம் பிய்ந்துவிட்டது, பாகு பதம் தப்பிவிட்டது.

நவம்பர் 9, சனி

மழை இல்லை. வழக்கமாகத் தீபாவளிக்கு முன்னாலேயே நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கிவிடும். இன்று கரையில் முழு நீளமும் நடந்தேன். மடையான் ஆறு, முக்குளிப்பான் நாலு. எருமைமேல் ஒரு உண்ணிக்கொக்கு, அதுவும் எருமையோடு போய்விட்டது.

வராவிட்டால் என்ன செய்வது?

நவம்பர் 12, செவ்வாய்

வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பெரிய சண்டை. ஏரியில் தண்ணீர் முக்கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. மதகு திறந்திருக்கிறது, சம்பா நெல் கதிர் வெளிவரும் முன் பொதி கட்டுகிற நேரம், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். இன்னும் பத்து நாள் இப்படியே பாய்ந்தால் கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருக்காது. அடிமரம் தண்ணீரில் நிற்காத மரத்தில் நாரை கூடு கட்டாது, மரநாயும் காட்டுப்பூனையும் ஏறிவிடும் என்று அதற்குத் தெரியும்.

மதகை அடைக்க வேண்டும் என்று முதலில் எழுந்து சொன்னது நான்தான். எவ்வளவு பேச்சு வாங்கினேன்! "மாசச் சம்பளம் வாங்குறவ சொல்லலாம், வயித்துல ஈரத்துணி போட்டுக்கிறது யாரு?" என்று ஒருத்தர் கேட்டார். நானும் விடவில்லை. "ஒரு போகம் போனா அடுத்த போகம் வரும். ஏரி போனா எந்தப் போகம் வரும்? கம்பெனி குழியிலயா நாத்து விடுவீங்க?" என்று கத்தினேன். எங்கள் இரண்டு ஏக்கரும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது. அதைச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

கை தூக்கச் சொன்னான் இளவழகன். எனக்கு முன்னால் கை தூக்கியது என் வீட்டுக்காரர் கலியபெருமாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது.

நவம்பர் 18, திங்கள்

மதகு அடைத்தாயிற்று.

நவம்பர் 29, வெள்ளி

நெல் இலை சுருண்டுவிட்டது. நேற்று நாலு தூறல் போட்டு வாசல் புழுதியை நனைத்துவிட்டுப் போனது. வீட்டுக்காரர் காய்ந்த வயலில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். "எதுக்குங்க?" என்று கேட்டேன். "சும்மா எப்பிடி இருக்கறது?" என்றார்.

மையத்தில் முட்டை நாள். மதியம் பிள்ளைகள் சோற்றுக்குக் காத்திருக்கும்போது தட்டில் கரண்டியால் அடித்தார்கள், பிள்ளைகள் அடிக்கத்தான் செய்யும். நான் ஏன் அப்படி ஒரு கத்துக் கத்தினேன் என்று தெரியவில்லை. ஆயா பயந்துவிட்டாள். இனி தட்டைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

வந்துவிட்டது! காலையில் பவுனாம்பாள் கொல்லை வழியாகவே ஓடி வந்தாள். "டீச்சரு, எந்திரிச்சு வா, வந்துடுச்சுங்க!" போய்ப் பார்த்தேன். பத்தொன்பது நத்தைகுத்தி நாரை, கருவேல மரத்து உச்சியில், ஊரில் ஒன்றுமே நடக்காதது போல் சிறகு கோதிக்கொண்டிருந்தன. பவுனாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

டிசம்பர் 6, வெள்ளி

இருநூறுக்குமேல். சுள்ளி தூக்கிக்கொண்டு பறக்கின்றன. மூன்று கூழைக்கடாவும் வந்திருக்கிறது.

பவுனாம்பாள் ஆடுகளை ஏரிக்குள் விடாமல் கரைக்கு வெளியே மேய்க்கிறாள். எஸ்தர் வந்து போகும் வரைதானாம். ஆடுகள் அவளையே முறைக்கின்றன என்கிறாள்.

டிசம்பர் 11, புதன்

எஸ்தர் நாலு பேரோடு தூரக்கண்ணாடி சகிதம் வந்தாள். காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை எண்ணினார்கள். அறுநூற்று நாற்பது பறவை. நூற்றுப் பதினெட்டுக் கூடு. கருகிப்போன வயல்காரர்கள்கூடக் கரையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவழகன் எல்லாருக்கும் டீ சொன்னான்.

எண்ணி முடித்ததும் எஸ்தர் என்னையும் அவனையும் தனியாகக் கூப்பிட்டாள். கம்பெனி இப்போதே ஒரு பதில் கொடுத்திருக்கிறதாம். இந்த வருஷம் மழை தப்பிப்போனதால் வேறு ஏரிகளிலிருந்து வழிதவறி வந்த பறவைகள் இவை, வழக்கமாக வருபவை அல்ல, ஆதாரம் ஊர்மக்களின் பழைய கடிதமும் அந்த மூன்று நாள் கணக்கும் என்று.

"வருஷா வருஷம் வருதுன்னு காட்டணும்கா. அந்தக் கடுதாசி பொய்னு, அத எழுதுனவங்களே எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு பிடி கெடைக்கும். யாரு எழுதுனாங்கன்னு தெரியுமா?"

இளவழகன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். பின்னால் நின்றவர்களும் அவரவர் காலைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. "விசாரிச்சுச் சொல்றோம் மேடம்" என்றான்.

நான் டீ கிளாஸ்களைக் கழுவப் போனேன்.

டிசம்பர் 12, வியாழன்

மையத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எழுதியது நான். ஊரில் கையெழுத்து நன்றாக உள்ளவள் நான்தான், கூப்பிட்டார்கள், எழுதினேன். இவ்வளவு நாளும் மனத்துக்குள் அதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அதோடு முடியவில்லை.

கணக்கெடுக்க வருவதற்குச் சில நாள் முன்னால், இரண்டு நாள் ஊரில் ஆண்கள் வெடி வெடித்தார்கள், தகரம் அடித்தார்கள். பறவைகள் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் கூட்டுக்கே வந்து உட்காரும். பொங்கல் கழிந்த வாரம், கூடு நிறையக் குஞ்சு இருந்தது. ஆண்கள் களைத்துப்போனார்கள். வெடியும் தீர்ந்துவிட்டது. அப்போது நான்தான் சொன்னேன், பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன் என்று. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்துக் கரையில் வரிசையாக நிறுத்தினேன். "யாரு சத்தமா அடிக்கிறாங்கன்னு டீச்சர் பாக்கட்டும்" என்றேன். விளையாட்டு என்று நினைத்து உயிரை விட்டு அடித்தார்கள். சாயங்காலம் வரை மாற்றி மாற்றி அடிக்க வைத்தேன். நடுவில் பொரிகடலை கொடுத்தேன். தாய்ப்பறவைகள் கடைசியில் போயே போய்விட்டன.

குஞ்சுகள் போக முடியவில்லை. கூட்டு விளிம்புக்கு வந்து தண்ணீரில் விழுந்தன. ஒரு பிள்ளை, "டீச்சர், குட்டி விழுது" என்று கையைக் காட்டியது. "அது குளிக்குது, நீ அடி" என்று சொன்னேன்.

மறுநாள் ஆண்கள் பரிசல் போட்டு அள்ளிக் கரைக்குப் பின்னால் புதைத்தார்கள். வனத்துறைக்காரர்கள் வரும்போது ஏரி துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. ஊர் என்னைக் கொண்டாடியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கையாலும் கெட்டேன், பிள்ளைகளின் கையையும் கெடுத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

காலைச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் தானாகவே பேச்செடுத்தார்.

"நான்தான் எழுதுனேன்னு குடுத்துடறேன் மங்கை."

"உங்க கையெழுத்தப் போடவே உங்களுக்கு மூணு நிமிசம் ஆவும். அந்தக் கடுதாசி ரெண்டு பக்கம்."

"யாரு எழுதச் சொல்லிப் பாக்கப் போறா?"

"பாப்பாங்க."

அவர் தட்டில் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஏப்ரல்ல நீ ரிட்டேராவணும். அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நீயே கையெழுத்துப் போட்டா, முப்பத்தோரு வருச வேலைய ஒரே நாள்ல புடுங்கிக்குவானுங்க. வயலும் போச்சு. நான் சொல்லல, நீயே யோசி."

யோசித்தேன். மதகை அடை என்று ஊரார் வயிற்றில் அடித்தவள் நான். நூற்றுக்கணக்கான ஏக்கரைக் காய வைத்தேன். எனக்கென்று வரும்போது மட்டும் டீ கிளாஸ் கழுவப் போகிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆனாலும் இன்று எழுதவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

வீட்டுக்காரர் பவுனாம்பாளைக் கூப்பிட்டு எங்கள் வயலில் ஆடுகளை விடச் சொன்னார். கதிர் பதராகிவிட்டது, வைக்கோலுக்கும் ஆகாது. வரப்பில் நின்று ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா திங்குதுங்க" என்றார்.

டிசம்பர் 27, வெள்ளி

கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபத்தில் பந்தல், ஏர்கூலர், வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட்டும் ஜூஸும். கம்பெனி ஆலோசகர் ஒருவர் திரையில் படம் காட்டினார். கல் வெட்டி முடித்த பிறகு குழியில் தண்ணீர் நிரப்பிப் படகு விடுவார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

நான் பெயர் கொடுத்திருந்தேன், ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தேன். "நான் மங்கையர்க்கரசி, அங்கன்வாடிப் பணியாளர். இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கிற கடிதத்த எழுதுனது நான். அது பொய்" என்றேன். வெடி, தகரம், தட்டு, குஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். கூட்டத்தில் பின்வரிசையில் இளவழகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்று முப்பத்தொரு பிள்ளைகளில் அவன் இல்லை, வயசு கடந்துவிட்டது. அவன் தம்பி இருந்தான்.

ஆலோசகர் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, அன்னைக்கு உங்களுக்கு ஒரு தேவை இருந்துச்சு, அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்தீங்க. இன்னைக்கும் உங்களுக்கு ஒரு தேவை இருக்கு. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?"

இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். என் வேலையும் போகும், ஏரியும் போகும், இதற்கா பேசினேன் என்று இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு வந்துவிட்டது. மையத்துச் சாவியை ஆயாவிடம் கொடுத்தேன். சுகந்தி மகன் நானூறு கிராம் ஏறியிருக்கிறான். அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஜனவரி 2, வியாழன்

எஸ்தர் வீட்டுக்கே வந்தாள். மண்டபத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டாளாம். நீர்மோர் கொடுத்தேன். இளவழகனும் பவுனாம்பாளும் வந்து சேர்ந்தார்கள்.

"உங்க பேச்ச நம்ப வைக்க ஒரே வழிதான்கா இருக்கு" என்றாள். "தேவைக்காகப் பேசுறீங்கன்னுதான சொல்றாங்க? உங்களுக்கு நஷ்டம் வர்ற மாதிரி நீங்களே கேக்கணும். கிராமசபையக் கூட்டி, எங்க ஏரியச் சரணாலயமா ஆக்குங்க, உள்ள எங்களுக்கு எந்த உரிமையும் வேண்டாம்னு தீர்மானம் போட்டு, ஒவ்வொருத்தரும் கையெழுத்து வைக்கணும். அது மேல போச்சுன்னா, அதுக்கு ஒரு முடிவு சொல்லாம சுரங்கத்துக்கு அனுமதி குடுக்கறது கஷ்டம். நடக்கும்னு நான் சத்தியம் பண்ணல."

பவுனாம்பாள் எழுந்துவிட்டாள். "எதுக்குப் பயந்து அன்னைக்குத் தட்டு அடிச்சோம்? பூட்டுப் போட்டுடுவானுங்கன்னுதான? இப்ப நாமளே பூட்ட வாங்கிட்டுப் போய்க் குடுக்கணுமா? என் ஆட்ட எங்க ஓட்டுவேன், உன் ஆபீசுக்கா?"

எஸ்தர் மோரை முழுதும் குடித்துவிட்டுப் போனாள். பாவம், நல்ல பெண்.

ஜனவரி 4, சனி

கூடுகளில் குஞ்சு பொரித்துவிட்டது. கரையில் நின்றாலே கத்தல் கேட்கிறது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பவுனாம்பாள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

சிறப்புக் கிராமசபை. யாரை எழுதச் சொல்வது என்று இளவழகன் கேட்டான். மதகுக் கூட்டத்தில் என்னை ஏசினாரே, அதே மனிதர் சொன்னார்: "டீச்சரே எழுதட்டும். அதே கையெழுத்தா இருக்கட்டும்."

எழுதினேன். எங்கள் பெரிய ஏரியில் ஆடு மாடு மேய்க்கவோ, மீன் பிடிக்கவோ, விறகு ஒடிக்கவோ, வண்டல் அள்ளவோ எங்களுக்கோ எங்கள் பிள்ளைகளுக்கோ உரிமை வேண்டாம் என்று எழுதினேன். முன்பு கொடுத்த கடிதம் பொய் என்றும், அந்த மூன்று நாள் ஏரி காலியாக இருந்ததற்கு நாங்களே காரணம் என்றும் எழுதினேன். உரக்கப் படித்தேன். சிலர் எழுந்து போய்விட்டார்கள். மீன் குத்தகை எடுத்தவர் தாளைக் கிழிக்கவே வந்தார், பிடித்து உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் மூன்று நிமிஷம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வரை இருநூற்று ஆறு. பவுனாம்பாள் வரவில்லை. அவளைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நானும் போகவில்லை.

ஜனவரி 6, திங்கள்

பத்து மணிக்கு இளவழகன் மனுவை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வாசலில் உட்கார்ந்து தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். பவுனாம்பாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் எங்கள் எதிரில் நின்றாள். இடது கையை நீட்டினாள். இளவழகன் மைப்பெட்டியைத் திறந்தான். கட்டைவிரலை அழுத்தி வைத்தாள், வைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல ஒரு வரி சேத்துக்க டீச்சரு. இந்தத் தடவ நாங்க பொய் சொல்லலன்னு."

எழுதினேன். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவள் ஆடுகளைக் கூப்பிட்டாள். அவை பழக்கத்தில் ஏரிப் பாதைக்குத் திரும்பின. அவள் முன்னால் ஓடி, கழியைக் குறுக்கே நீட்டி மறித்து, தார் ரோட்டுப் பக்கம் விரட்டினாள். அங்கே ஓரத்தில் சிமெண்டு லாரித் தூசி படிந்த எருக்கஞ்செடியைத் தவிர ஒன்றும் கிடையாது.

"பவுனு, உத்தரவு வர மாசக் கணக்காவும். வராமகூடப் போவலாம். இன்னிக்கு ஏரியிலயே மேயட்டுமே" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பழவணும்ல டீச்சரு."